உத்தரவு எங்கே? எழுத்தில் காட்டுங்கள்!



சென்ற ஆண்டு டி. கல்லுப்பட்டியில் ஒரு நிகாஹ். பயான் செய்ய என்னை அழைத்திருந்தார்கள். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கியபோது நம் முஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி ஹெலிகேம் பறக்கவிட்டான். பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மோட்டார் சைக்கிளில் இரண்டு காவலர்கள் வந்து இறங்கினார்கள்.

"இறக்குப்பா கீழே. இங்க ட்ரோன் விடக் கூடாது. உத்தரவு இருக்கு."

நான் அருகில் போய்க் கேட்டேன். "என்ன உத்தரவு சார்? யார் போட்டது? எந்தத் தேதி வரைக்கும்?"

"அதெல்லாம் மேலிடத்து உத்தரவு ஹஜ்ரத். நீங்க உள்ளே போங்க."

அவ்வளவுதான் பதில். ட்ரோன், ரிமோட், பேட்டரி எல்லாவற்றையும் பையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். ரசீது இல்லை. எழுதி வாங்கவும் இல்லை. மூன்று நாள் அலையவிட்டு, 'இனிமேல் இந்தப் பக்கம் விடாதே' என்று எச்சரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓர் இறக்கை உடைந்திருந்தது. அந்த மூன்று நாளில் ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போனது. கடன் வாங்கித் தொழில் தொடங்கிய பிள்ளை அவன்.

இதுவரை படித்ததும் உங்களுக்குக் கோபம் வருகிறது அல்லவா? எனக்கும் வந்தது. ஆனால் மீதியையும் கேளுங்கள். காவல் நிலையத்திலிருந்து திரும்பி வரும் வழியில் அந்தத் தம்பியிடம் கேட்டேன்: "உன் ட்ரோனுக்குப் பதிவு எண் இருக்கிறதா?" அவன் விழித்தான். "பதிவா? அது எதுக்கு ஹஜ்ரத்? மச்சான் துபாயிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது."

ஆக, அன்று அந்த மண்டப வாசலில் இரண்டு தவறுகள் எதிரெதிரே நின்றன. உத்தரவைக் காட்டாமல் பொருளைப் பறித்தது ஒரு தவறு. சட்டம் என்ன என்று தெரியாமலே தொழில் செய்தது இன்னொரு தவறு. இரண்டாவது தவறு நம்மிடம் இருக்கும்வரை முதலாவது தவறைத் தட்டிக் கேட்கும் துணிவு நமக்கு வராது. அன்று அந்தத் தம்பியால் வாய் திறக்க முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான்!

முதலில் நம் வீட்டு வாசலைக் கூட்டுவோம்

மத்திய அரசின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியாயின. அதற்கு முன்பு அதே ஆண்டு மார்ச் மாதம் வந்த விதிகளில் 25 படிவங்கள் இருந்தன. 72 வகைக் கட்டணங்கள் இருந்தன. புதிய விதிகளில் படிவங்கள் ஐந்தாயின. கட்டண வகைகள் நான்காயின. அதாவது, சட்டம் கடினமானது என்று சொல்லித் தப்பிக்க இன்று வழியில்லை.

எடையை வைத்து ட்ரோன்களைப் பிரித்திருக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவிலிருந்து 25 கிலோ வரை ஸ்மால். கல்யாண வீட்டில் பறப்பது பெரும்பாலும் மைக்ரோ. வயலில் மருந்து தெளிப்பது பெரும்பாலும் ஸ்மால். இவற்றை அரசின் இணையதளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். கட்டணம் 100 ரூபாய். நானோ தவிர மற்றவற்றுக்கு, அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும் கட்டாயம்.

ஓட்டுபவருக்கு என்ன வேண்டும்? 2 கிலோ வரையுள்ள ட்ரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு தொழிலாகச் செய்தால், நானோவைத் தவிர மற்றதற்கெல்லாம் தேவை. கல்யாணப் படம் எடுப்பது தொழில்தான் என்பதில் சந்தேகம் உண்டா? 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேறியவர் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பயிற்சி பெற்றால் சான்றிதழ் கிடைக்கும். இந்த விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கல்யாணத்துக்குக் கல்யாணம் சில ஆயிரம் சம்பாதிக்கும் பிள்ளைக்கு ஒரு லட்சம் என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இனி வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. முழுதாகக் கொண்டுவந்தாலும் சரி, கழற்றிப் பாகமாகக் கொண்டுவந்து பூட்டினாலும் சரி, தடைதான். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகிய தேவைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு உண்டு. உள்நாட்டில் ட்ரோன் தயாரிப்பவர்களுக்கு உதிரிப் பாகங்கள் வரலாம். ஆகவே துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மச்சான் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் சரக்கு அன்பளிப்பு ஆகாது. தடை செய்யப்பட்ட பொருள். மதுரை டவுன்ஹால் ரோட்டில் கடை வைத்திருந்தாலும், திருமங்கலத்தில் செல்போன் கடையின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்றாலும், பில் இல்லாத ட்ரோனை விற்காதீர்கள். இன்று லாபம் உங்களுக்கு; நாளை வழக்கு அதை வாங்கிய பிள்ளைக்கு. இப்படிப்பட்ட வியாபாரத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

வானம் யாருடைய பொறுப்பு?

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். நம் காகிதங்கள் சரியாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 'உத்தரவு இருக்கு' என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன கேட்க வேண்டும்?

விமானமும் வான்வழிப் போக்குவரத்தும் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. எனவே பேரூராட்சியோ நகராட்சியோ தானாக எழுந்து 'எங்கள் ஊர் வானத்தில் பறக்கக் கூடாது' என்று விதி போட முடியாது. வானத்தின் வரைபடத்தை மத்திய அரசு போட்டிருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டியதில்லை. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது.

நம் பகுதிக்கு இது எப்படிப் பொருந்துகிறது? முன்பு விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம் நீண்டிருந்தது. 2021ல் அதை 12 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். பெருங்குடியில் இருக்கும் மதுரை விமான நிலையத்திலிருந்து டி. கல்லுப்பட்டி நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்கு அருகில் இருக்கிறது. பழைய கணக்கில் அனுமதிக்கு அலைய வேண்டிய ஊர். புதிய கணக்கில் விமான நிலையத்தின் வளையத்துக்கு வெளியே உள்ள ஊர். திருமங்கலம் வந்தால் அந்த 12 கிலோமீட்டர் எல்லையை நெருங்கிவிடுகிறீர்கள். 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருக்கும் மதுரை நகரப் பகுதிகளில் வேறு தடை இல்லாத இடங்களில்கூட 200 அடிதான். விமான நிலையத்தை அதைவிட நெருங்கினால் அனுமதியில்லாமல் ஓர் அடிகூடக் கூடாது. முக்கியமான இடங்கள் தனியே சிவப்பில் குறிக்கப்பட்டிருக்கும். வரைபடம் மாறக்கூடியது, ஆகையால் ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் கடமை. செல்போனிலேயே பார்க்கலாம்.

இந்த வரைபடத்துக்கு மேல் உள்ளூர் அதிகாரிக்கு ஒன்றும் அதிகாரம் இல்லையா? இருக்கிறது. அவசரத் தேவை ஏற்பட்டால் மாநில அரசோ காவல்துறையோ 'தற்காலிக சிவப்பு மண்டலம்' அறிவிக்கலாம். அதற்கு அதே விதிகள் நான்கு கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன. எஸ்.பி. அல்லது அதற்கு இணையான தகுதிக்குக் குறைந்த அதிகாரி அதை அறிவிக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அறிவித்து வரைபடத்தில் காட்ட வேண்டும். பரப்பு நியாயமான அளவில், தேவைக்கு மிஞ்சாமல் இருக்க முயல வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள். யார், எவ்வளவு நேரம், எங்கே, எப்படித் தெரிவிப்பது என்று நான்கு கேள்விக்கும் சட்டமே பதில் சொல்லிவிட்டது. நிகாஹ் வாசலில் நான் கேட்டதும் இப்படிப்பட்ட கேள்விகளைத்தான். அதற்குக் கிடைத்த பதிலோ 'மேலிடத்து உத்தரவு'!

குறுக்கு வழி

நான்கு கட்டுப்பாடுகளோடு ஒரு வாசல் திறந்திருக்கும்போது, அதிகாரிகள் பெரும்பாலும் அந்த வாசல் வழியாக வருவதில்லை. வேறொரு பெரிய கதவைத் திறக்கிறார்கள். அதுதான் பழைய 144 தடையுத்தரவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163வது பிரிவு. எண் மாறியது; சுபாவம் மாறவில்லை. இதன்படி இரண்டு மாதம் வரை தடை போடலாம். மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் நீட்டலாம். 2025 பிப்ரவரி 3, 4 தேதிகளில் திருப்பரங்குன்றம் பிரச்சினையை முன்னிட்டு மதுரை மாவட்டம் முழுவதும் தடையுத்தரவு போட்டார்களே, நினைவிருக்கிறதா? அதே பிரிவுதான்.

2025 மே மாதம், பாகிஸ்தானுடன் மோதல் நடந்த நாட்களில், மும்பை காவல்துறை ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு நகரம் முழுவதும் ட்ரோன்களைத் தடை செய்தது. போர்ச் சூழலில் போட்டது என்பதால் அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் 2021 ஜூலை மாதம் ஸ்ரீநகரில் நடந்ததைப் பாருங்கள். மாவட்ட நிர்வாகம் ட்ரோனைப் பறக்கவிடுவதை மட்டும் தடுக்கவில்லை. வைத்திருக்கவே கூடாது, விற்கக் கூடாது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது, வைத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. கல்யாணப் படம் எடுப்பவனும், சுற்றுலாப் படம் எடுப்பவனும் ஒரே நாளில் தொழிலை இழந்தார்கள்.

அந்த உத்தரவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 27 அன்று, ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன் மூலம் குண்டு போட்டார்கள். இரண்டு விமானப்படையினர் காயமடைந்தார்கள். அப்படி ஒன்று நடந்த பிறகும் அரசு கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று யார் சொல்வார்? லண்டனுக்கு அருகில் காட்விக் விமான நிலையத்தில் 2018 டிசம்பரில் ட்ரோன் தென்பட்டதாகச் சொல்லி ஓடுபாதையை மூடினார்கள். ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பயணிகள் தவித்தார்கள். ஆகவே கட்டுப்பாடு வேண்டும். வேண்டவே வேண்டும்!

ஆனால் காட்விக் கதையின் பின்பகுதியையும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து ஊரில் ஒரு கணவன் மனைவியை ஆயுதம் ஏந்திய போலீஸ் கைது செய்தது. அவர்களுக்கும் அந்தச் சம்பவத்துக்கும் சம்பந்தமே இல்லை. குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடுவித்தார்கள். 2020ல் அந்தக் காவல்துறை நட்ட ஈடும் வழக்குச் செலவுமாக இரண்டு லட்சம் பவுண்டு கொடுத்தது. அவர்கள் வெள்ளைக்காரர்கள். பெயரும் தாடியும் சந்தேகத்துக்கு ஆளாகாத இனம். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், தடா காலத்தைப் பார்த்த நம் சமுதாயத்துப் பிள்ளை பதிவு இல்லாத ட்ரோனோடு ஒரு பதற்றமான நாளில் பிடிபட்டால் என்ன ஆகும்? அதனால்தான் சொல்கிறேன், தம்பி! உன் காகிதம் சரியாக இருக்கட்டும். அது உனக்குக் கேடயம்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

காஷ்மீரில் இணையத்தை முடக்கிய வழக்கில், அனுராதா பாசின் என்ற பத்திரிகையாளர் தொடுத்த மனுவின்மீது, 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 144 உத்தரவுகளை அரசு வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி இருக்க வேண்டும். உத்தரவில் காரணம் இருக்க வேண்டும். ஆபத்துக்கு ஏற்ற அளவில்தான் தடை இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அதே உத்தரவைப் போடுவது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது ட்ரோன் வழக்கு இல்லைதான். ஆனால் 144 எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் அந்தத் தீர்ப்பும் கூடவே வரும்.

எனவே 'உத்தரவு இருக்கு' என்று வாயால் சொல்வது போதாது. அது எழுத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இது சலுகை கேட்பது ஆகாது.

பொருளைப் பறிமுதல் செய்வதற்கும் முறை இருக்கிறது. குற்றம் நடந்ததாகச் சந்தேகப்பட்டு ஒரு பொருளைக் கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 106வது பிரிவு. பட்டியல் போட்டு, சாட்சி கையெழுத்து வாங்கி, கைப்பற்றுவதை ஒலி ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105வது பிரிவு. வேடிக்கையைப் பாருங்கள்! கேமராவைப் பறிப்பதையே கேமராவில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கல்லுப்பட்டியில் அந்தத் தம்பியிடம் பறித்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மருந்து தெளிக்கும் விவசாயி என்ன பாவம் செய்தான்?

மாவட்டம் முழுவதும் தடை என்று ஒரு வரியில் எழுதிவிடுவது அதிகாரிக்கு எளிது. பிரமுகர் வருவது மதுரைக்கு. தடை பேரையூர் தாலுகாவின் கடைசிக் காடு வரைக்கும். அந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்?

நம் பகுதி கரிசல் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் நம்பிப் பிழைக்கும் மானாவாரி நிலம். 2018ல் படைப்புழு தமிழ்நாட்டுக்குள் நுழைந்த பிறகு மக்காச்சோளம் போட்டவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். புழு குருத்துக்குள் இறங்கும் முன்பு மருந்து போய்ச் சேர வேண்டும். ஆள் கிடைப்பதில்லை. ஆளுயரம் வளர்ந்த பயிருக்குள் முதுகில் டேங்க்கைச் சுமந்துகொண்டு, விஷத்தைச் சுவாசித்துக்கொண்டு நடக்கவும் எவரும் வருவதில்லை. ட்ரோன் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. 2023 நவம்பரில் மத்திய அரசே மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்க 1,261 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரு கையால் ட்ரோனைக் கொடுத்துவிட்டு மறு கையால் 'பறக்காதே' என்றால் அந்தப் பெண்கள் கடனை எப்படி அடைப்பார்கள்? புழு நான்கு நாள் காத்திருக்குமா?

இதில் வணிகர்களுக்கும் பங்கு இருக்கிறது. உரக்கடை, மருந்துக்கடை, மக்காச்சோளக் கமிஷன் கடை எல்லாம் அந்த விளைச்சலை நம்பித்தான் நிற்கின்றன. ஆகவே தடையின் எல்லை எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலை வரை என்று எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் கடமையும் ஆகும்.

மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு யார் கணக்குக் கேட்பது?

இதுவரை நாம் பறக்கவிடும் ட்ரோனைப் பற்றிப் பேசினோம். நம்மைப் பார்க்கும் ட்ரோனைப் பற்றி யார் பேசுவது?

2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரம். திருப்பூர் காவல்துறை ட்ரோன் விட்டு, வெளியே கூடியிருந்தவர்களை விரட்டிப் படம் எடுத்தது. கேரம் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் கேரம் பலகையாலேயே முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் காட்சிக்குச் சினிமா நகைச்சுவை ஒலி சேர்த்து வெளியிட்டார்கள். நாடே பார்த்துச் சிரித்தது. நீங்களும் சிரித்திருப்பீர்கள், நானும் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். அந்தப் பிள்ளைகள் ஏன் முகத்தை மூடினார்கள்? அபராதத்துக்குப் பயந்து மட்டுமா? ஊர் பார்க்கும் என்ற வெட்கத்தினாலும்தானே! அவர்கள் செய்தது தவறு என்றால் வழக்குப் போடலாம். கேலிப் படமாக ஆக்க எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களின்போது டெல்லி சீலம்பூரில் நம் மக்கள் வாழும் தெருக்களின் மேல் ட்ரோன்கள் சுற்றின. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் விவசாயிகள்மீது ஹரியானா காவல்துறை ட்ரோனிலிருந்தே கண்ணீர்ப் புகைக்குண்டு போட்டது. விவசாயிகள் பட்டம் விட்டு அதைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். சென்னை அடையாறில் 2023 ஜூனில் காவல்துறைக்கென ட்ரோன் பிரிவே தொடங்கப்பட்டது.

இதெல்லாம் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022 சித்திரைத் திருவிழாவில் வைகை ஆற்றில் நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் எங்கே நெரிசல் என்று மேலிருந்து பார்க்கும் ஒரு கண் உயிரைக் காக்கும். கடலில் சிக்கியவரைத் தேடலாம். காட்டுத் தீயைக் கண்டுபிடிக்கலாம். கேள்வி அதுவல்ல. அந்தக் கண் எங்கே, எதற்காக, யார் உத்தரவில் பறந்தது? எடுத்த படம் யாரிடம் இருக்கிறது? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இதைக் கேட்க நமக்கு உரிமை இல்லையா? 2021 ட்ரோன் விதிகள் முப்படைகளுக்குத்தான் விலக்கு அளிக்கின்றன. அந்த வரியில் காவல்துறை என்ற சொல் இல்லை. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அந்த உரிமை நம் வீட்டு மொட்டை மாடிக்கும் உண்டு.

வாசல் வழியாக வரவில்லையே!

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்லப்படுவதுண்டு. மதீனாவில் ஓர் இரவு ரோந்து போகும்போது ஒரு வீட்டுக்குள் சத்தம் கேட்டது. சுவர் ஏறிக் குதித்தார்கள். உள்ளே ஒருவன் மது அருந்திக்கொண்டிருந்தான். கலீபா அவனைக் கண்டித்தார்கள். அவனோ, 'நான் செய்தது ஒரு குற்றம். தாங்கள் செய்தது மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லவில்லை. மூன்றும் குர்ஆன் தடுத்தவை' என்ற கருத்தில் பதில் சொன்னான். ஆட்சித் தலைவர் அதை ஏற்றுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

குடிகாரனுக்குக்கூட வீட்டுச் சுவர் பாதுகாப்பு என்று ஒப்புக்கொண்ட ஆட்சி அது. இன்று சுவர் ஏறிக் குதிக்க வேண்டியதே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

ஆனால் இளைஞனே, இந்தக் கதை அரசுக்கு மட்டும் சொன்னதில்லை. உனக்கும் சேர்த்துத்தான். மண்டபத்துக்கு மேலே பறக்கும் உன் ஹெலிகேம் பக்கத்து வீட்டு மொட்டை மாடியையும் பார்க்கிறது. அங்கே துணி காயப்போடும் ஒரு தாய் இருப்பாள். தலைமுடி உலர்த்தும் ஒரு சகோதரி இருப்பாள். அவள் எந்த மதத்தவளானாலும் அவளுடைய மானம் மானம்தான். நோட்டமிட்டது தெரிந்து அவள் புகார் கொடுத்தால் உனக்காகப் பேச நான் வரமாட்டேன். பறக்கவிடும் முன் பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவிடு. கேமராவை மண்டபத்தை நோக்கியே திருப்பி வை. தவறிப் பதிவானதை அழித்துவிடு. அரசிடம் எதைக் கேட்கிறோமோ அதை முதலில் நாம் செய்து காட்டுவோம்!

என்ன செய்யப் போகிறோம்?

புலம்பி முடிப்பது நம் வழக்கம் இல்லை. வேலையைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று: ஒவ்வொரு ஜமாஅத்திலும் ட்ரோன் வைத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள். பதிவு, காப்பீடு, சான்றிதழ் மூன்றையும் சரிபார்க்க ஒரு படித்த தம்பியைப் பொறுப்பாக்குங்கள். பயிற்சிக்குப் பணம் இல்லாதவனுக்கு வசதியுள்ள வணிகர்கள் கடனாகவாவது கொடுங்கள்.

இரண்டு: 'உத்தரவு இருக்கு' என்று யார் சொன்னாலும் மறுக்காமல் ட்ரோனை இறக்குங்கள். வாக்குவாதம் வேண்டாம், கை ஓங்குதல் கூடவே கூடாது. இறக்கிய பிறகு மரியாதையாக நான்கு கேள்வி கேளுங்கள்: யார் போட்ட உத்தரவு? எந்தத் தேதி வரை? எந்த இடம் வரை? நகல் எங்கே கிடைக்கும்? பொருளை எடுத்தால் ரசீது கேளுங்கள். கொடுக்க மறுத்தால் நேரம், இடம், வந்தவரின் பெயர்ப் பட்டை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவில் உத்தரவின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மூன்று: மாவட்ட நிர்வாகத்திடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. ட்ரோன் தடை எதுவானாலும் தமிழில் அச்சிட்டுப் பேரூராட்சி அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் ஒட்டுங்கள். தொடங்கும் நேரம், முடியும் நேரம், எல்லை மூன்றையும் எழுதுங்கள். மருந்து தெளிப்பவர்களுக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவித்த கல்யாண வீட்டாருக்கும் விலக்குக் கொடுங்கள். காவல்துறையின் ட்ரோன் பறந்த நாள், இடம், காரணம், பொறுப்பு அதிகாரி ஆகியவற்றுக்குப் பதிவேடு வையுங்கள். வழக்குக்குத் தேவையில்லாத படங்களைக் குறித்த நாளில் அழியுங்கள். எவருடைய முகத்தையும் கேலிக்கு வெளியிடாதீர்கள்.

இந்தக் கோரிக்கை நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதா? இல்லவே இல்லை. ஏழூர் சப்பரத் திருவிழாவைப் படம் எடுக்கும் சகோதரனுக்கும், தேவாலயத் தேர்ப்பவனியை எடுக்கும் சகோதரனுக்கும் இதே தொல்லைதான். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கலெக்டர் அலுவலகத்துக்குப் பத்துப் பேர் தொப்பியோடு போவதைவிட, ஊர்ப் போட்டோக்காரர்களும் விவசாயிகளும் சேர்ந்து ஐம்பது பேராகப் போவது வலிமையானது, நியாயமானதும் அதுவே.

இதே கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளாதார மேதை ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். எந்தக் கருவி வந்தாலும் அது சாமானியனுக்கு என்ன செய்யும் என்று கேட்ட மனிதர் வாழ்ந்த மண் இது. புதிதாக வந்திருக்கும் இந்தப் பறக்கும் கருவியையும் அந்தக் கேள்வியோடுதான் நாம் வரவேற்க வேண்டும்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. துபாய் ட்ரோனை அவன் இப்போது தொடுவதில்லை. இங்கேயே தயாரான ஒன்றைப் பில்லோடு வாங்கிப் பதிவு செய்திருக்கிறான். பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். பதிவுச் சான்றை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருக்கிறான். அடுத்த முறை எவராவது வந்து 'உத்தரவு இருக்கு' என்றால், அவன் தன் காகிதத்தை முதலில் எடுத்துக் காட்டுவான். பிறகு கை கட்டி நின்று, "சார், உங்களுடையது?" என்று கேட்பான்.

நீங்களும் அப்படிக் கேட்கத் தயாராகுங்கள். இன்ஷா அல்லாஹ், பதில் எழுத்தில் வரும்!